சாண்டல்... ஐவரி... அப்பத்தா!

பெயின்ட் கடையில் ஷேடு கார்டு பார்த்திருப்பீங்க. விசிறி மாதிரி விரிச்சுக் காட்டுவாங்களே, அதேதான். ஆயிரத்துக்கும் மேல கலர் இருக்கும். எங்க அம்மா அதைக் கையில் வாங்கி, முக்கால் மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, 'இது அழகு... இது ரொம்ப அழகு' என்று ரசித்து முடித்துவிட்டு, கடைக்காரரிடம் கூலாகச் சொன்னார்: ''சாண்டலே குடுத்துருங்க!''

மதுரையில் ஒரு பழைய வீட்டை வாங்கி நாங்கள் குடிவந்த வருடம் நடந்த சம்பவம் இது. ஹால் சாண்டல், அம்மா அப்பா ரூம் ஐவரி, கிச்சன் கிரீம், கதவு, நிலை எல்லாம் ஹாஃப் ஒயிட். பேர்தான் வேற வேற. பார்த்தா எல்லாம் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்க! 'ஏம்மா இப்படி?' என்று கேட்டால் பதில் ரெடியாக வரும். ''வெளிச்சமா இருக்கும். எந்த சோபாவுக்கும் மேட்ச் ஆகும். வர்றவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.''

மூணாவதுதான் நிஜக் காரணம். பதினெட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவங்க நாங்க. ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனரிடம் பர்மிஷன் வாங்கணும். காலி பண்ணும்போது பெயின்ட் காசைப் பிடித்துக்கொண்டுதான் அட்வான்ஸ் திரும்ப வரும். அந்தப் பயம், சொந்தச் சுவர் வந்த பிறகும் அம்மாவை விட்டுப் போகவில்லை.

ஆனா, நான் போராளியாச்சே! 'என் ரூம், என் கலர்' என்று கொடி பிடித்தேன். அப்போ நான் ப்ளஸ் டூ முடிச்ச நேரம். மெக்சிகோ வீடுகளின் போட்டோக்களைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்திருந்தது. லூயிஸ் பராகன் என்று ஒரு ஆர்க்கிடெக்ட். 1980-ல் பிரிட்ஸ்கர் விருது வாங்கியவர். 1948-ல் மெக்சிகோ சிட்டியில் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீட்டை, 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். அவர் ரோஸ் கலரையும் மஞ்சளையும் வைத்து விளையாடியிருந்ததைப் பார்த்து, நானும் விளையாடக் கிளம்பினேன்.

நான் செலக்ட் பண்ணியது... கிளிப்பச்சை. நாலு சுவருக்கும்!

''பாப்பா, ஒரு செவுத்தோட நிறுத்திக்கலாமே'' என்றார் பெயின்டர் அண்ணன். கேட்டேனா?

ரெண்டாவது கோட் காய்ந்த அன்றைக்கு ராத்திரி லைட்டைப் போட்டேன். வாழை இலையைச் சுருட்டி, அதுக்குள்ள என்னை உட்கார வைத்த மாதிரி இருந்தது. மறுநாள் வந்த என் ஃப்ரெண்ட் பதறிப்போய், ''ஏண்டி, உடம்பு சரியில்லையா? மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரி இருக்கே!'' என்றாள். எனக்கு ஒண்ணும் இல்லை. சுவரின் பச்சைதான் என் முகத்தில் வந்து அப்பியிருந்தது.

காரணம் ரொம்ப சிம்பிள் பாஸ். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர் சுவருக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வரும். எல்லாமே ஒரே கலராக இருந்தால், போய் வர ஒவ்வொரு தடவையும் கலர் இன்னும் அடர்த்தியாகும். ஷேடு கார்டில் ரெண்டு இஞ்ச் துண்டில் 'க்யூட்'டாக இருந்தது, நாலு சுவரில் ஏறினால் கத்த ஆரம்பிப்பது அதனால்தான். பராகன் வீட்டு போட்டோக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உள்ளே பெரும்பகுதி வெள்ளை! அங்கங்கே தேர்ந்தெடுத்த சுவரில்தான் கலர். நான்தான் கவனிக்கவில்லை.

அன்றோடு எங்கள் வீட்டில் கலருக்குத் தடை உத்தரவு. 'கலர்' என்று வாயைத் திறந்தாலே, ''போதும்மா, உன் கிளிக்கூண்டைப் பார்த்தோமே'' என்பார் அப்பா. ரெண்டு வருஷம் இப்படியே ஓடியது.

அப்புறம்தான் அப்பத்தா வந்தார்.

அப்பத்தாவுக்கு சிவகங்கைப் பக்கம் கிராமம். வயசு எழுபத்தெட்டு. தனியாகத்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர், ஒருநாள் விழுந்து மணிக்கட்டு எலும்பை உடைத்துக்கொண்டார். அப்பா போய் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். 'ஏன் விழுந்தாங்க?' என்று பார்க்கப் போனதில்தான் விஷயம் வெளியே வந்தது. கிளாக்கோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் பிரஷர் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய். வலி எதுவும் இல்லாமலே பார்வை போய்க்கொண்டிருக்கும். போனது திரும்பாது. சொட்டு மருந்தை ஒழுங்காகப் போட்டு, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அப்பத்தா எங்கள் வீட்டில் தினமும் எதிலாவது முட்டிக்கொண்டார். பாதி திறந்திருக்கும் கதவின் விளிம்பு, ஹாலுக்கும் வராண்டாவுக்கும் நடுவில் இருக்கும் ஒற்றைப் படி, எல்லாமே அவருக்கு எதிரி. சுவிட்ச்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டே நிற்பார். ''ஒரு குரல் குடுத்தா வர மாட்டோமா அத்தை?'' என்று அம்மா கோபப்படுவார். அப்பத்தா பதில் சொல்ல மாட்டார்.

ரெண்டு மாசத்தில் யூரின் இன்ஃபெக்‌ஷன், காய்ச்சல். ''தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க பாட்டி?'' என்று டாக்டர் கேட்டார். அப்பத்தா மழுப்பினார். வீட்டுக்கு வந்ததும் நான் மடியில் தலை வைத்துக்கொண்டு நச்சரித்தேன். மெதுவாகச் சொன்னார்.

''சாயந்தரம் நாலு மணிக்கு மேல தண்ணி குடிக்கிறதில்ல தாயி. குடிச்சா ராத்திரி எந்திரிக்கணும்ல... கக்கூஸ் கதவு எங்கன இருக்குன்னு தெரிய மாட்டேங்குது. அசந்து தூங்குற ஒங்கள எழுப்ப எனக்குச் சங்கட்டமா இருக்கு.''

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து ரூமில் நான் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். இங்கே ஒருத்தர் தாகத்தோடு விடியும் வரை படுத்திருக்கிறார்.

அடுத்த தடவை கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். பார்வை குறைந்தவர்கள் வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தர அங்கே ஒரு அக்கா இருந்தார். எடுத்த எடுப்பில் அவர் கேட்ட கேள்வி: ''உங்க வீட்டுச் செவுரு என்ன கலர்?''

''சாண்டல்.''

''கதவு?''

''ஹாஃப் ஒயிட்.''

''பாத்ரூம் டைல்ஸ்?''

''வெள்ளை.''

''சரியாப்போச்சு. அப்ப பாட்டியைப் பொறுத்தவரை உங்க வீட்ல கதவே கிடையாது!''

கிளாக்கோமாவில் பார்வையின் ஓரங்கள் மட்டும் போவதில்லையாம். ஒரு பொருளை அதன் பின்னணியில் இருந்து பிரித்துப் பார்க்கும் சக்தியும் குறையுமாம். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு, வெளிறிய சுவரில் வெளிறிய கதவு, வெள்ளை டைல்ஸ் முன்னால் வெள்ளை டாய்லெட்... எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். அந்த அக்கா ஒரு டெஸ்ட் சொன்னார். போனில் வீட்டை போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கணும். கதவும் சுவரும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரிந்தால், கண் மங்கியவருக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து எடுத்தேன். நிஜமாகவே கதவைக் காணோம்!

கலரில் ரெண்டு விஷயம் இருக்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. சிவப்பா, நீலமா என்பது ஒன்று. எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பது இன்னொன்று. ரெண்டாவதை 'எல்.ஆர்.வி.' என்று ஒரு எண்ணால் சொல்கிறார்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சுவர், கதவு, தரை இவற்றுக்கு நடுவில் 30 புள்ளியாவது வித்தியாசம் இருக்கணும் என்று பிரிட்டனின் கட்டட வழிகாட்டுதலில் இருக்கிறது. பச்சையும் சிவப்பும் வேற வேறதானே என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ரெண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், கறுப்பு வெள்ளை போட்டோவில் ரெண்டும் ஒண்ணுதான்.

அந்த போட்டோவை அம்மாவிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ''வர்றவங்க என்ன சொல்வாங்கன்னுதான் பார்த்தேன். வீட்ல இருக்கிறவங்களைப் பார்க்காம விட்டுட்டேனே'' என்றார். அப்புறம், ''என்ன கலர் வேணும்னாலும் அடி. கிளிப்பச்சை மட்டும் வேணாம்!''

இந்தத் தடவை முதலில் அப்பத்தாவைக் கேட்டேன். ''உனக்கு என்ன கலர் பிடிக்கும் அப்பத்தா?'' சிரித்தார். இதுவரை அவரை யாரும் கேட்டதே இல்லையாம். கிராமத்து வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பொங்கலுக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிப்பதும், பளிச்சென்று இருக்க அதில் துளி நீலம் கலப்பதும், சுவருக்கு அடியில் காவிப் பட்டை இழுப்பதும், நிலைப்படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதும்...

''அது சாமிக்குத்தானே?'' என்றேன்.

''சாமிக்குந்தேன், காலுக்குந்தேன். காவிப் பட்டை இருந்தா தரை எங்கன முடியுது, செவுரு எங்கன ஆரம்பிக்குதுன்னு இருட்டுலயும் தெரியும்ல. மஞ்ச இருந்தா படி தெரியும்.''

பராகனாவது பிரிட்ஸ்கராவது! எனக்கு வேண்டிய ஆர்க்கிடெக்ட் வீட்டுக்குள்ளேயே வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேலை ஆரம்பமானது. போன தடவை சூடுபட்டதால், இந்தத் தடவை கலரை நேரே சுவரில் ஏற்றவில்லை. குட்டி டப்பா வாங்கி, சார்ட் பேப்பரில் ரெண்டு கோட் அடித்து, சுவரில் ஒட்டி, காலையில், மத்தியானத்தில், டியூப் லைட்டில் என்று மூன்று நாள் பார்த்தேன். அப்பத்தாவை ஆறடி தள்ளி நிற்க வைத்து, ''தெரியுதா?'' என்று கேட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்தேன்.

பாத்ரூம் கதவுக்கும் நிலைக்கும் அடர் நீல எனாமல். சுவர் சாண்டலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அம்மாவுக்கும் சந்தோஷம்! கதவைத் தேய்க்கும்போது மட்டும் அப்பத்தாவை சித்தப்பா வீட்டுக்கு அனுப்பி வைத்தோம். பழைய வீடு, அடியில் எந்தக் காலத்துப் பெயின்ட் இருக்கோ தெரியாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி, இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் தூசி பறக்காமல் ஈரம் பண்ணி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார் பெயின்டர் அண்ணன். டாய்லெட் சீட்டை நீலமாக மாற்றினோம். சுவிட்ச் போர்டுகளைச் சுற்றி நீல பார்டர். ஒற்றைப் படியின் விளிம்பில் பளிச் மஞ்சள். ஹாலிலிருந்து பாத்ரூம் வரை சுவருக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் காவிப் பட்டை. அதை மாஸ்கிங் டேப் ஒட்டி நானே அடித்தேன். ஒரு லிட்டர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு அறுபது, எழுபது சதுர அடி வரும். எங்களுக்கு அதிலேயே மிச்சம் இருந்தது.

எல்லாம் சூப்பர், சுபம் என்று நினைக்காதீங்க. அழகுக்காக பாத்ரூம் வாசலில் கறுப்பு கலரில் ஒரு மிதியடி போட்டு வைத்தேன். அன்றைக்கு ராத்திரி அப்பத்தா கதவு வரை கரெக்ட்டாக வந்துவிட்டு, அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ''என்னத்தா, இங்கன பள்ளம் தோண்டிப் போட்டிருக்கீக?'' வெளிறிய தரையில் கறுப்பு மிதியடி, அவர் கண்ணுக்குக் குழி! உடனே தூக்கி எறிந்தேன். கலர் வழியும் காட்டும், குழியும் காட்டும். ரெண்டும் நம்ம கையில்தான் இருக்கிறது.

வந்தவங்க கேட்காமல் இல்லை. ''என்ன இது, கோயில் மதில் மாதிரி பட்டை அடிச்சிருக்கீங்க?'' என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அம்மா அசரவில்லை. ''எங்க அத்தை டிசைன்!'' என்றார். என் ரூமில் மூன்று சுவர் வெள்ளைக்கு மாறிவிட்டது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மட்டும் கிளிப்பச்சை இருக்கிறது. இப்போ நிஜமாகவே அழகாக இருக்கு. பெயின்டர் அண்ணன் வந்து பார்த்தார். ''அன்னிக்கே சொன்னேன்ல'' என்று ஒரு லுக் விட்டார். வாங்கிக்கொண்டேன்.

அப்பத்தாவுக்குப் போன பார்வை வரவில்லை. வராது. இப்பவும் டீப்பாயில் இடித்துக்கொள்கிறார். சொட்டு மருந்தை மறந்தால் நான்தான் திட்டுகிறேன். ஆனால் ராத்திரியில் யாரையும் எழுப்பாமல் காவிப் பட்டையைப் பார்த்துக்கொண்டே போய், நீலக் கதவைத் திறந்து, தானே திரும்பி வந்து படுத்துக்கொள்கிறார்.

உங்க வீட்டிலும் தாத்தா, பாட்டி இருந்தால் இன்றைக்கு ராத்திரியே அந்தக் கறுப்பு வெள்ளை டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க. கதவு காணாமல் போயிருந்தால், ஒரு அரை லிட்டர் பெயின்ட் வாங்குங்க.

வேலை முடிந்த ரெண்டாவது வாரம். லைட்டை அணைக்கப் போனேன். அப்பத்தா கூப்பிட்டார்.

''தாயி, தலமாட்டுல ஒரு சொம்பு தண்ணி வச்சுட்டுப் போ. ராத்திரி தாகம் எடுக்கும்.''

ரெண்டு சொம்பாகவே வைத்தேன்.