நாலு மூக்கு, ஒரு சிலிண்டர்!

கேரவன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோயின் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிற ஏ.சி. வண்டிதானே? எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2023 டிசம்பர் வரைக்கும்!

ஜெர்மனியில் ஆஹென்னு ஒரு ஊர். அங்கேதான் எம்.எஸ். படிச்சேன். ஊருக்கு மேற்கே ஒரு சின்னக் குன்று இருக்கு. உயரம் 322 மீட்டர்தான். அதன் உச்சியில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூணும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். எல்லைக் கல்லைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தா மூணு நாடு பார்த்தாச்சு. பாஸ்போர்ட் கேட்க ஆள் கிடையாது. மூணு நாட்டுக்கும் ஒரே காசு, யூரோ. 'எல்லையே இல்லாத உலகம்டா!'ன்னு அங்கே நின்னு நாங்க போட்டோ எடுத்துக்கிட்டோம். அதெல்லாம் சும்மான்னு எங்களுக்குப் புரிய வைத்தது ஒரு காஸ் சிலிண்டர்!

கிறிஸ்துமஸ் லீவுக்கு ஸ்பெயின் போகலாம்னு பிளான். எங்க நாலு பேர்ல ஒருத்தன் ஜெர்மன்காரன். அவன் மாமாகிட்ட பழைய மோட்டார் ஹோம் ஒண்ணு இருந்தது. ஃபியட் வேன் மேல கட்டின வீடு. உள்ளே கட்டில், கிச்சன், பாத்ரூம், ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் உண்டு. 'டீசல் போட்டா போதும், ஹோட்டல் செலவு மிச்சம்'னு நாங்க கணக்குப் போட்டோம். மாமா சிரிச்சார். சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு பிஸ்கட் டப்பாவையும் கொடுத்தார். திறந்தா பிஸ்கட் இல்லை. பித்தளையில் நாலு விதமான திருகாணிகள்!

"சாவியைத் தொலைச்சாக்கூட வேற பண்ணிக்கலாம். இதைத் தொலைச்சிடாதீங்க" என்றார்.

விஷயம் என்னன்னா, மோட்டார் ஹோம்ல டீசல் ஓடுறதுக்கு மட்டும்தான். வாழுறதுக்கு காஸ். சமையல், வெந்நீர், ஹீட்டர் எல்லாமே எல்.பி.ஜி. ஃபிரிட்ஜ்கூட காஸ்லதான் ஓடுது! நம்பினா நம்புங்க, சின்னதா ஒரு தீ எரியும், அந்த சூட்டுல அமோனியா ஆவியாகிச் சுத்தி வந்து பெட்டியைக் குளிர வைக்கும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. இதைக் கண்டுபிடிச்சது வான் பிளாட்டன், மண்டர்ஸ்னு ரெண்டு பேர். வருஷம் 1922. அப்போ அவங்க ஸ்டாக்ஹோம் ராயல் இன்ஸ்டிட்யூட்ல ஸ்டூடன்ட்ஸ்! நாமளும்தான் காலேஜ் போனோம்... சரி, விடுங்க.

வண்டியோட இடுப்புல ஒரு குட்டிக் கதவு. உள்ளே ரெண்டு சிலிண்டர், ரெண்டும் 11 கிலோ. ஒண்ணு சாதாரண சாம்பல் கலர் சிலிண்டர். காலியானா கடையில் கொடுத்து நிரம்பினதை மாத்திக்கணும். இன்னொண்ணுதான் ஸ்பெஷல். வண்டியோட சேர்த்து நிரந்தரமாகப் பொருத்தினது. வெளிச்சுவர்ல அதுக்குன்னு ஒரு வாய். கார்களுக்கு எல்.பி.ஜி. போடுற பங்க்ல வண்டியை நிறுத்தி நேரா நிரப்பிக்கலாம். நம்ம ஊர்ல ஆட்டோவுக்கு காஸ் போடுறாங்களே, அதே மாதிரி.

இங்கேதான் டப்பா உள்ளே வருது. ஐரோப்பாவில் எல்.பி.ஜி. பம்புக்கு நாலு விதமான மூக்கு. ஜெர்மனி, பெல்ஜியத்தில் மரை போட்டுத் திருகுற மூக்கு. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் பல்பு மாட்டுற மாதிரி அமுக்கித் திருப்பணும். பிரான்ஸ், இத்தாலியில் கிண்ணம் மாதிரி இருக்கும், நகம் போட்டுக் கவ்விக்கும். ஸ்பெயின்ல ஒல்லியா இன்னொண்ணு. அந்த ஒல்லி மூக்கைத்தான் ஐரோப்பா முழுக்கப் பொதுவா வெச்சுக்கலாம்னு தர நிர்ணயமே பண்ணினாங்க. பழைய மூணும் போகலை, இது நாலாவதா சேர்ந்துடுச்சு! ஆக, மூணு நாடு முட்டிக்கிற அந்தக் குன்றிலிருந்து இறங்கினா, இந்தப் பக்கம் ஒரு மூக்கு, அந்தப் பக்கம் ஒரு மூக்கு. கன்னியாகுமரியில் வாங்கின ரெகுலேட்டரைக் காஷ்மீர்ல மாட்டுற நமக்கு இது ரொம்பப் புதுசு.

லியோன் தாண்டும்போதே சாம்பல் சிலிண்டர் காலி. குளிர்காலத்துல ஹீட்டர் ஓடினா 11 கிலோ மூணு நாலு நாள்தான் வரும். சூப்பர் மார்க்கெட் வாசல்ல கூண்டு போட்டு சிலிண்டர் அடுக்கியிருந்தாங்க. எங்க காலி சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனோம். அந்தம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. ஜெர்மன் சிலிண்டரை பிரான்ஸ்ல மாத்த முடியாதாம். அவங்க சிலிண்டர் வேணும்னா டெபாசிட் கட்டணும், ஒப்பந்தத்தில் கையெழுத்து போடணும், ரெகுலேட்டரும் வேற வாங்கணும். தூக்கிட்டுப் போனதை அப்படியே தூக்கிட்டு வந்தோம்.

"அப்போ இதையும் பங்க்லயே நிரப்பிட்டா என்ன?" எங்க சிவில் இன்ஜினீயர் கேட்டான். ஜெர்மன்காரன் முகம் மாறிப்போச்சு. சாதாரண சிலிண்டர்ல எவ்வளவு ஏறுதுன்னு நிறுத்துறதுக்கு ஆளே கிடையாது. நிரப்பிக்கிட்டே இருந்தா வாய் வரைக்கும் ஏறிடும். திரவ காஸ் சூடு பட்டா தண்ணியைவிடப் பத்து மடங்குக்கு மேல விரியும். விரியுறதுக்கு இடமில்லேன்னா? அதனாலதான் பங்க்ல நிரப்புற சிலிண்டருக்குள்ளே ஒரு மிதவை வால்வு இருக்கு. 80 சதவிகிதம் ஆனதும் தானே அடைச்சிடும். மீதி 20 சதவிகிதம் காஸ் மூச்சு விடுறதுக்கு. ஜெர்மனியில் நிறைய பங்க்ல 'இங்கே சிலிண்டர் நிரப்பக் கூடாது'ன்னு போர்டே மாட்டியிருக்காங்க. வண்டியில் நிரந்தரமாப் பொருத்தினதுன்னா மட்டும்தான் பேச்சு.

ஸோ, ஸ்பெஷல் சிலிண்டரை நிரப்பப் போனோம். பங்க்குக்குள்ளே நுழையுறதுக்கு முன்னாடியே ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆஃப். (ஃபிரிட்ஜ்லயும் தீ எரியுதுங்கறதை மறந்துடாதீங்க!) டப்பாவைத் திறந்து பிரான்ஸ் திருகாணியை எடுத்து சுவர் வாயில் கையாலயே திருகினேன். கையுறை போட்டுக்கிட்டுப் பம்போட மூக்கை மாட்டி, லீவரை அழுத்தி, போஸ்ட்ல இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடிச்சேன். விட்டா நின்னுடும், அமுக்கிக்கிட்டே நிக்கணும். மீட்டர் ஓடுது. பதினாலு லிட்டர் ஆனதும் சட்டுனு ஸ்லோ ஆகி, 'டக்'. அவ்வளவுதான். கழட்டும்போது 'புஸ்ஸ்'னு வெள்ளையா ஒரு புகை. உயிரே போயிடுச்சு! மூக்குல மிச்சமிருந்த கொஞ்சூண்டு காஸ்தான். ஆனா அது வெறும் கையில் பட்டா உறைஞ்சு புண்ணாகிடும், கையுறை அதுக்குத்தான்.

பார்சிலோனா! வெயிலைப் பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. பழைய டீசல் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடு இருக்கறதால வண்டியை வெளியூர்லயே நிறுத்திட்டு ரயில்ல போனோம். கோபுரம், பீச் எல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. எனக்குப் பிடிச்சது ராவல்ங்கற பழைய ஏரியா. குறுகின சந்து, பால்கனி முழுக்கத் துணி, கீழே ஒரு ஆள் தள்ளுவண்டியில் ஆரஞ்சு சிலிண்டர்களை வெச்சுக்கிட்டு 'டங் டங்'னு இரும்பால தட்டிக்கிட்டே போறார். சத்தம் கேட்டதும் மூணாவது மாடியிலிருந்து ஒரு பாட்டி கையைக் காட்டுறாங்க. பழைய வீடுகள்ல இன்னமும் அந்த 12.5 கிலோ ஆரஞ்சு சிலிண்டர்தான். விலையை அரசாங்கமே நிர்ணயிக்குது. அந்த வேலையில் அங்கே பாகிஸ்தான்காரங்க நிறைய பேர்.

நாங்க பார்த்தவரும் லாகூர்க்காரர். நம்ம முகத்தைப் பார்த்ததும் ஹிந்தியில் ஆரம்பிச்சுட்டார். எங்க ஹிந்தி உங்களுக்குத் தெரியாததா? 'அச்சா' சொல்லியே சமாளிச்சோம். சிலிண்டரைத் தட்டிக் காட்டி, "தண்ட் மே நஹி சலேகா" என்றார். 'நஹி சலேகா' புரிஞ்சது. உங்க வண்டிக்கு இது சேராதுன்னு சொல்றார் போலன்னு தலையாட்டினோம். 'தண்ட்'னா என்னன்னு ஒருத்தனும் கேட்கலை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தா ஒரு ராத்திரி மிச்சமாகியிருக்கும்!

திரும்புற அன்னிக்கு ஸ்பெயின் பங்க்ல ஒல்லி மூக்கு திருகாணி போட்டு ஃபுல் பண்ணிட்டுக் கிளம்பினோம். வேற ரூட்ல, பிரனீஸ் மலை மேல ஏறி பிரான்ஸ் போகலாம்னு ஐடியா. மேலே லீவியான்னு ஒரு ஊர், உயரம் சுமார் 1,200 மீட்டர். செம இன்ட்ரஸ்டிங்கான ஊர் அது. 1659-ல ரெண்டு நாடும் உடன்படிக்கை போட்டு, இந்தப் பக்கத்து 'கிராமங்கள்' எல்லாம் பிரான்ஸுக்குன்னு எழுதினாங்க. லீவியா கிராமம் இல்லை, நகரம். அந்த ஒரு வார்த்தையால இன்னிக்கும் அது ஸ்பெயின்லதான் இருக்கு. சுத்திலும் பிரான்ஸ், நடுவுல தீவு மாதிரி ஸ்பெயின்! ரெண்டு ராத்திரி தங்கினோம். முதல் ராத்திரி ஹீட்டர் ஜம்முனு ஓடிச்சு.

ரெண்டாவது ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தது. மூக்கு நுனி வலிக்குது. ஹீட்டர் நின்னுபோச்சு. வெளியே மைனஸ் 9. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்றோம், 'டிக் டிக்'னு பொறி வருது, தீ வரலை. திடீர்னு வண்டிக்கு அடியில் 'சளசள'ன்னு சத்தம். வெந்நீர் டேங்க் உறைஞ்சு வெடிக்கக் கூடாதுன்னு ஒரு வால்வு தானாவே திறந்து மொத்தத் தண்ணியையும் ரோட்டுல கொட்டிடுச்சு. கொஞ்ச நேரத்துல அது கண்ணாடி மாதிரி ஐஸ்.

"காஸ் தீர்ந்துடுச்சு." சிவில் டார்ச் எடுத்துட்டுப் போய் சிலிண்டரைப் பிடிச்சு லேசா ஆட்டிப் பார்த்தான். உள்ளே தளும்புது! பாதி இருக்கு. ஆனா வரலை. "எங்க வீட்ல அம்மா சாய்ச்சு வைப்பாங்கடா, வரும்"னு அவன் கழட்டப் போக, ஜெர்மன்காரன் பாய்ஞ்சு கையைப் பிடிச்சான். சாய்ச்சா ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குள்ளே போகும், அடுப்புல தீ எங்கே எகிறும்னு சொல்ல முடியாது. (அம்மாக்களே, தயவுசெஞ்சு சாய்க்காதீங்க!)

இந்தியாவில் அப்போ காலை ஏழரை. போன் பண்ணினேன். "காஸ் தீர்ந்தா என்னடா, புக் பண்ண வேண்டியதுதானே?" என்றார் அம்மா. இருக்கிற ஜெர்கின், சாக்ஸ் எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நாலு பேரும் ஒரே கட்டில்ல விடியுறவரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் குளிரைவிட மாமா பயம்தான் ஜாஸ்தி. கிச்சன் குழாய்ல தண்ணி உறைஞ்சு வெடிச்சிருந்தா?

காலையில் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பிரெஞ்சுத் தாத்தா வந்தார். சிலிண்டரை விரலால தட்டினார். எங்கே நிரப்பினீங்கன்னு கேட்டார். ஸ்பெயின்னு சொன்னதும், "ஆ... பியூட்டேன்!" என்றார்.

எல்.பி.ஜி.ங்கறது புரொபேன், பியூட்டேன் ரெண்டும் கலந்தது. கெமிஸ்ட்ரியில் படிச்சதுதான், எக்ஸாமோட மறந்ததுதான். புரொபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிடும். பியூட்டேன் ஆவியாக பூஜ்யத்துக்குப் பக்கமாவது வெப்பம் வேணும், மைனஸ் 0.5. சூடான ஊர்ல பியூட்டேன் ஜாஸ்தி கலந்து விற்பாங்க. குளிர் நாட்டுல விண்டர் வந்தா புரொபேனைக் கூட்டுவாங்க. எங்க சிலிண்டர்ல இருந்த கொஞ்ச புரொபேன் முதல் ராத்திரியே பறந்துபோச்சு. மிச்சம் இருந்தது பியூட்டேன். மைனஸ் 9-ல அது வெறும் திரவம். பாதி சிலிண்டர் காஸை வெச்சுக்கிட்டு ஒரு டீ போட முடியலை. நம்ம வீட்டு சிலிண்டர்லயும் ரெண்டும் கலந்துதான் இருக்கு, சென்னை வெயில்ல யாருக்குத் தெரியப்போகுது?

மூக்கு மாத்தத்தான் மாமா திருகாணி கொடுத்தார். உள்ளே வர்ற காஸுக்கு ஏது திருகாணி?

தாத்தா தன்னோட சின்ன புரொபேன் சிலிண்டரையே தூக்கிட்டு வந்துட்டார். அது கிளிப் மாட்டுற வால்வு, எங்களது மரை. சேரலை. நாலு பேரும் அவரும் சேர்ந்து சிரிச்சோம், வேற என்ன பண்றது? அப்புறம் அவர் வண்டியிலிருந்து வெதுவெதுன்னு தண்ணி கொண்டுவந்து சிலிண்டர் மேல மெதுவா ஊத்தினார். கை பொறுக்கிற சூடுதான். கொதிக்கிற தண்ணியோ நெருப்போ பக்கத்துல வரவே கூடாதுன்னு விரலை ஆட்டிச் சொன்னார். அஞ்சு நிமிஷம் அடுப்பு எரிஞ்சது. அந்த அஞ்சு நிமிஷத்துல போட்ட டீயைத் தாத்தாவுக்குத்தான் முதல்ல கொடுத்தோம்.

'தண்ட்'னா குளிர்னு அதுக்குள்ளே கேரளாக்காரன் மொபைல்ல தேடிக் கண்டுபிடிச்சிருந்தான்.

மலை இறங்கி துலூஸ் போற வழியில், திரும்பவும் கிண்ண மூக்கு மாட்டி, இடமிருந்த வரைக்கும் பிரெஞ்சு காஸ் நிரப்பினோம். அன்னிக்கு ராத்திரி மைனஸ் 3. ஹீட்டர் நிக்கலை. குழாயும் தப்பிச்சது.

ஆஹென் வந்து வண்டியை ஒப்படைச்சப்போ கீறல் இருக்கா, டயர் எப்படின்னு மாமா கேட்பார்னு ரெடியா இருந்தோம். அவர் முதல்ல பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணினார். நாலும் இருந்தது. அப்புறம் சிலிண்டர் கதவைத் திறந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"கடைசியா எந்த நாட்டுல நிரப்பினீங்க?"