சுருட்டு ஏறிச்சு... ஏலம் இறங்கிச்சு!

நாகப்பட்டினத்தைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். வேட்டி உசிதம். நான் புது பேன்ட்டில் போனேன். அந்தச் சோகக் கதை இங்கே வேண்டாம்.

கடுவையாற்றில் விசைப்படகுகள் வரிசைகட்டி நிற்க, கூடை கூடையாய் சங்கராவும் வஞ்சிரமும் இறங்க, ஏலம் விடுகிறவர் தொண்டை கிழியக் கத்துகிறார். ‘‘நாலாயிரம்... நாலாயிரத்து நூறு...’’ பி.காம். படித்த எனக்கு அந்த வேகத்தில் ஒரு கணக்கும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் ஆயா, விரலைக்கூட மடக்காமல் லாபத்தைச் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

‘ஏலம்’ நம்ம வார்த்தை இல்லை, தெரியுமோ? ஜன்னல், சாவி, அலமாரி மாதிரி அதுவும் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து இறக்கியது. 1658-ல் டச்சுக்காரர்கள் பிடுங்கிக்கொள்ளும்வரை நாகை அவர்கள் கையில்தான் இருந்தது. பதிலுக்கு இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வார்த்தை ‘சுருட்டு’. இங்கிலீஷ்காரன் அதைத்தான் ‘செரூட்’ என்கிறான்.

ஏறின வார்த்தையும் இறங்கின வார்த்தையும் 2007-ல் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சந்தித்துக்கொண்டன.

பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று உறையூர் சுருட்டு வேண்டும். துறைமுகத்துப் பக்கம் வலை, கயிறு விற்கிற கடை வைத்திருந்தார். 2004 சுனாமி கடையைக் கொண்டுபோய்விட்டது. சுருட்டை மட்டும் விட்டுவைத்தது. அப்பா இல்லாத எனக்கு அவர்தான் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் வருஷத்துக்கு ஏழாயிரம். கையில் பைசா இல்லை. இருந்தது ஒரு வெள்ளிச் சுருட்டுப் பெட்டி. தாத்தா ‘ராஜூலா’ கப்பலில் பினாங்கு போய் வந்தபோது வாங்கியது.

‘‘அடகுக் கடைக்காரன் கையில குடுக்குறதுக்கு நம்ம ஆளுங்களே எடுத்துக்கட்டுமே!’’ என்றார் பெரியப்பா. ராத்திரி திண்ணைக் கச்சேரிக்கு வருகிற மூன்று பேருமே சுருட்டுப் பிரியர்கள். ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஆயிரத்தில் ஆரம்பித்தார். ரைஸ்மில் கணக்குப்பிள்ளை இரண்டாயிரம் என்றார். புகை மண்டலத்துக்குள்ளிருந்து தொகை ஏறிக்கொண்டே போனது. வெள்ளி மூவாயிரம்கூடப் பெறாது. நாகூர் பாய் ஏழாயிரம் சொன்னதும் எல்லோரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள். என் ஃபீஸ் யாருக்கோ தெரிந்திருக்கிறது!

மறுநாளிலிருந்து பெரியப்பா தினமும் நாகூர் போய், தன் பழைய பெட்டியிலிருந்தே ஒரு சுருட்டை ஓசியில் எடுத்துப் பற்ற வைத்துவிட்டு வருவார்.

வெளிநாட்டில் இதையே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்கிறார்கள். ஹவானா சுருட்டுத் திருவிழாவில் பெட்டிகளை ஏலம் விட்டு, கியூபாவின் பொது சுகாதாரத்துக்குக் கொடுக்கிறார்கள். 2023-ல் மட்டும் 1 கோடி யூரோவுக்கு மேல்! (சுருட்டு விற்ற காசு ஆஸ்பத்திரிக்கு... ஒரு விதத்தில் நியாயம்தான்.) டொமினிகன் குடியரசில் இரண்டு சுருட்டுக் கம்பெனிக் குடும்பங்கள் சேர்ந்து 2001-ல் அறக்கட்டளை ஆரம்பித்து, பள்ளிக்கூடமே கட்டியிருக்கின்றன. நம்மூரில் 2003-ல் வந்த சட்டப்படி, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் சுருட்டு விற்கவே கூடாது.

சட்டம் சரிதான் என்பது எனக்கு 2014-ல் புரிந்தது. பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். நாலு மாசம். கடைசியில் பேச்சு நின்று, சிலேட்டில் எழுதிக் காட்டினார். முதலில் எழுதியது, ‘வேலை கெடச்சுதா?’ வரவில் ஒரு பி.காம்., செலவில் ஒரு பெரியப்பா. எந்த வாத்தியாரும் சொல்லித்தராத இந்தக் கணக்கு எனக்கு இன்னும் டேலி ஆகவில்லை.

மீன் ஏலம் முடிந்ததும் நாகூர் பஸ் ஏறினேன். தர்கா மினாரா தெரிகிற தெருவில் பாய் வீடு. பெரியப்பா போனதிலிருந்து மனிதர் சுருட்டைத் தொடுவதில்லையாம். பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். உள்ளே பிரஷர் மாத்திரை.

‘‘மாமா, ஏழாயிரத்து நூறு!’’ என்றேன்.

பாய் சிரித்தபடியே பெட்டியை மூடினார். ‘‘ஒன் மவன் காலேஜ் போறப்ப வா தம்பி. அப்ப ஏலம் விடுவோம்.’’

பையன் இப்போது யு.கே.ஜி.