சிப்பிச் சுவர்களுக்கிடையே ஒரு பந்தாட்டம்

கோல்ஃப் என்றதும் செல்வந்தர் பொழுதுபோக்கென்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் செயின்ட் சைமன்ஸ் என்றொரு தீவு இருக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களின் பல்கலைக் கழகங்கள் சேர்ந்த ‘சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்’ என்னும் கூட்டமைப்பு, தன் ஆடவர் கோல்ஃப் வாகைப் போட்டியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே நடத்தி வந்துள்ளது. கொரோனா பரவிய 2020இல் மட்டும் போட்டி நடைபெறவில்லை.

ஆட்டமுறையைச் சுருங்கச் சொல்கிறேன். அணிக்கு ஐவர், அவர்களில் குறைந்த அடிகளில் 18 குழிகளையும் முடித்த நால்வரின் கணக்கே சேரும். தடுமாறிய ஐந்தாமவனின் கணக்கு தள்ளப்படும். தோழர் நால்வர் அவனைச் சுமந்துவிடுவர். மூன்று சுற்றுகள் முடிந்தபின் முதல் எட்டு அணிகள் ஒருவருக்கொருவர் நேருக்கு நேர் மோதும். அப்போது சுமப்பார் எவருமிலர்; ஐந்து மோதல்களில் மூன்றை வெல்லும் அணியே மேலே செல்லும். ஒருபுறம் கடற்காற்று, மறுபுறம் நாணல் அடர்ந்த உப்புச் சதுப்பு. காற்றைத் தப்புக் கணக்கிட்டவனின் பந்து சதுப்புக்கு இரையாகும். இருபது வயது இளைஞனின் நெஞ்சுரத்துக்கு இதைவிடக் கடிய தேர்வு உண்டா என்ன?

ஆனால் அத்திடலின் வரலாறு விளையாட்டன்று. அது ‘ரிட்ரீட்’ என்ற பழைய பருத்திப் பண்ணையின் நிலம். பெயர்பெற்ற நீளிழைப் பருத்தியை அங்கே விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். சிப்பி, சுண்ணாம்பு, மணல் கலந்து எழுப்பிய அடிமைகளின் மருத்துவமனைச் சுவர்கள் இன்றும் இடிபாடாக நிற்கின்றன. பண்ணையின் சோளக் களஞ்சியமே பின்னாளில் கோல்ஃப் மன்றத்தின் கட்டடமாக மாறியது. அவர்களின் அடக்கத்தலமும் அந்தப் புல்வெளிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1862இல் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் இரவெல்லாம் தேடித் தன் எசமானரின் மகனுடைய உடலைக் கண்டெடுத்து ஊர் சேர்த்த நெப்டியூன் ஸ்மால் அங்கேதான் அடக்கமாகியுள்ளார். பிறரது மகனுக்காக அவர் சுமந்த சுமை என்னை நெடுநேரம் சிந்திக்க வைக்கிறது.

இதே தீவின் வடமுனையிலிருந்த கேனன்ஸ் பாயின்ட் பண்ணையின் உரிமையாளர் விலைக்கு வாங்கிய அடிமைகளில் ஸாலிஹ் பிலாலி என்ற முஸ்லிமும் ஒருவர். நைஜர் ஆற்றங்கரையின் மாஸினா நாட்டில் பிறந்தவர். பின்னர் அல்டமஹா ஆற்றோரத்து ஹோப்டன் பண்ணையில் வாழ்ந்த அவர் மதுவைத் தீண்டாதவர், ரமளான் நோன்பை விடாதவர் என்று அவருடைய எசமானரே கடிதம் எழுதினார்; அது 1844இல் அச்சேறியது. அடிமை விலங்கினிடையே நோன்பு நோற்ற அந்த நெஞ்சுறுதியை எண்ணிப் பாருங்கள்!

சற்று வடக்கேயுள்ள ஸபேலோ தீவில் மற்றோர் அடிமை, பிலாலி முஹம்மத். கினியாவின் ஃபூத்தா ஜல்லோன் மலைநாட்டவர். உளூ, பாங்கு, தொழுகை பற்றிய மாலிகி மத்ஹபுச் சட்டங்களை நினைவிலிருந்து அரபியில் 13 பக்கங்களாக எழுதி வைத்துச் சென்றார். அந்த ஏடு இன்று ஏதென்ஸ் நகரில், ஜார்ஜியா பல்கலைக் கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. செயின்ட் சைமன்ஸ் திடலில் கோப்பைக்காக மட்டையேந்தும் அணிகளுள் அதே பல்கலைக் கழகத்தின் அணியும் ஒன்று.