ரேடியேட்டர் பட்டறையில் ஒரு காலை

சேலத்திலிருந்து தர்மபுரி போகும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் காரின் வெப்ப முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது. இரண்டு வருடமாகப் போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தேன். அதில் என்ன தவறு என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நாமக்கல்லில், லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு ரேடியேட்டர் கடைக்குப் போனேன்.

தகரக் கூரை. வாசலில் சிமென்ட் தொட்டி நிறையத் தண்ணீர். பெரியவர் ஒரு லாரி ரேடியேட்டரின் வாய்களை ரப்பரால் அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாயைச் சொருகித் தொட்டிக்குள் அமுக்கினார். கீழ் மூலையிலிருந்து கடுகு கடுகாகக் குமிழ்கள் கிளம்பின. "இங்கதானுங்க ஓட்டை" என்று அந்த இடத்தில் விரலை வைத்தார்.

பிறகு தீநாக்கைக் காட்டி விளிம்பு ஈயத்தை இளக்கினார். பித்தளை மேல்மூடி கழன்றது. உள்ளே வரிசையாகத் தட்டையான குழாய்கள். பாதிக் குழாய்களின் வாயில் தேங்காய்ச் சில்லுபோல் வெள்ளைப் படிவம், மற்றவற்றில் காப்பிப்பொடி நிறத் துரு. நீண்ட தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தினார். 'ராடு அடிக்கிறது' என்கிறார்கள். பலம் கூடினால் குழாய் கிழியும், குறைந்தால் அடைப்பு போகாது. அந்த அளவு அவர் கைக்குத்தான் தெரியும்.

"கூலன்ட்டுன்னா குளிர் ஊருக்குன்னு நெனச்சுக்கறாங்க. நம்மூர்ல பனிக்கட்டியா உறையுது, எதுக்குக் காசுன்னு கேக்கறாங்க. கடைசில இங்க வந்துதானுங்க நிக்கணும்" என்றார்.

கூலன்ட்டில் இருப்பது பெரும்பாலும் எதிலீன் கிளைக்கால். அதையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். இரும்பு எஞ்சினையே பிளந்துவிடும். காஷ்மீருக்குப் போகும் லாரிக்கு உறையாத இந்தக் கலவை உயிர்க்காப்பு. நமக்கு அதன் மறுபக்கம்தான் முக்கியம். அழுத்த மூடி சரியாக இருந்தால் இந்தக் கலவை 125 டிகிரியிலும் கொதிக்காது. அதைவிடப் பெரிய வேலை, அதில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள் செய்வது. உலோகத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து துருவை அண்டவிடாது. போர்வெல் தண்ணீரில் இந்தக் காப்பு இல்லை. உப்பு மட்டும் உண்டு.

அதற்காகக் கூலன்ட்டை மட்டுமே ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. செறிவான கூலன்ட் என்றால் சுத்திகரித்த தண்ணீர் கலக்க வேண்டும். கலந்தே விற்பதை அப்படியே ஊற்றலாம். நிறத்தை நம்பி வாங்கக் கூடாது, வண்டியின் கையேட்டில் சொன்ன வகையைப் பார்க்க வேண்டும். தடுப்பு மருந்துகள் தேய்ந்துபோகும். பழைய வகை இரண்டு வருடம், கரிம அமில வகை ஐந்து வருடம் தாங்கும்.

"காருக்கெல்லாம் இப்ப அலுமினியமும் பிளாஸ்டிக்குமுங்க. ஈயம் ஒட்டாது, புதுசா மாத்தறதுதான்" என்றார் பெரியவர். என் காருக்கும் அதுதான் நடந்தது. அவருக்கு மிச்சம் இருப்பது பழைய லாரிகளும் டிராக்டர்களும்.

பேசிக்கொண்டே ஈயம் வைத்தார். ஈயம் பிடிக்கத் தடவிய அமிலம் பட்ட இடத்தில் வெண்புகை எழுந்து அவர் முகத்தைச் சுற்றியது. மூக்கில் துண்டு மட்டும்தான். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை யாரோ அவசரப்பட்டுத் திறந்த அன்று அவர் பக்கத்தில் நின்றிருந்தார்.

எஞ்சின் ஆறும்வரை அந்த மூடியில் கை வைக்காதீர்கள். பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், நக்கிய நாய்க்குச் சிறுநீரகம் போய்விடும். பட்டறை நடத்துபவர்கள் ஈயம் வைக்கும் இடத்தில் புகைபோக்கி விசிறியும், வேலை செய்பவருக்குத் தகுந்த முகமூடியும் கொடுங்கள். கூலன்ட்டில் நாம் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் கடைசியில் அந்தப் பெரியவரின் மூச்சில்தான் கழிகிறது.