இரண்டாம் சனி, நான்காம் சனி

ஒரு வங்கி குமாஸ்தா எந்தப் படத்தைப் பார்ப்பான் என்பதை அவன் ரசனை தீர்மானிப்பதில்லை. மாதத்தின் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் தீர்மானிக்கின்றன. இந்த இரு நாட்களும் எங்களுக்கு விடுமுறை என்பது 2015இல் வந்த ஏற்பாடு. நான் வேலை பார்ப்பது சோலூரில். தேயிலையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் ஊர்; தியேட்டர் கிடையாது. படம் பார்க்க ஊட்டிக்குப் பஸ் ஏற வேண்டும். ஊட்டிக்கு வராத படமென்றால் விடிவதற்குள் கிளம்பிக் கோவைக்குப் போய், அக்கா வீட்டில் தங்கி, ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். 2024இல் இவ்வாறு பார்த்தவை 16 படங்கள். டிக்கெட்டுகளை ஒரு பழைய செக் புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

இவற்றுக்கு மதிப்பெண் போடும் உத்தேசம் எனக்கில்லை. 'இந்தியன் 2', 'கங்குவா' போன்ற பெரும் முதலீட்டுப் படங்களைப் பற்றிச் சொல்ல, சத்தம் அதிகம் என்பதற்கு மேல் எதுவுமில்லை. வருஷம் முழுவதும் என்னை உறுத்திய விஷயம் வேறு. ஓர் இடத்தைக் காட்டும்போது நமது சினிமா, அங்கே வாழ்கிறவன் கண்ணால் பார்க்கிறதா, வந்து போகிறவன் கண்ணாலா? இக்கேள்வி என் சொந்தப் புத்தியில் பிறந்ததல்ல. எங்கள் கிளையின் அட்டெண்டர் கேட்டது. அவர் இவ்வூர்ப் படகர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை சார் என்பார். இந்த விசித்திரத்தை வங்கிகளில் யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

நான் சமவெளிக்காரன். ஐந்து வருஷங்களுக்கு முன் இங்கே மாற்றலாகி வந்தபோது எனக்கு நீலகிரியோடு இருந்த பரிச்சயம் முழுவதும் சினிமாப் பரிச்சயம். நாயகன் கம்பளிச் சட்டையில் இருப்பான். நாயகி மெல்லிய சேலையில் நடுங்காமல் ஆடுவாள். பின்னால் தேயிலை இருக்கும், பறிக்கிற கை இருக்காது. கேத்தி ஸ்டேஷனைப் பார்த்தபோது எனக்கு 'மூன்றாம் பிறை' (1982)யின் கடைசிக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. அங்கே காய்கறி மூட்டையோடு நின்றவர்கள் கண்ணில் படவில்லை. பாலு மகேந்திராவுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர் மலைக்கு அதன் சொந்த வெளிச்சத்தையும் ஈரத்தையும் கொடுத்தார். அவருடைய நாயகன் இங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார், சம்பளத்துக்கு உழைக்கிறவன். ஆனாலும் அந்த மலை அவன் துக்கத்துக்காகவே பனி மூடுகிறது. சத்யஜித் ராயின் 'காஞ்சன்ஜங்கா' (1962) வேறு மாதிரி. டார்ஜிலிங்குக்கு வந்த ஒரு பணக்காரக் குடும்பம் ஒரு பிற்பகல் முழுதும் நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிறது. அவர்களைச் சுற்றித் திரிந்த உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் முடிவில், சிகரம் தெளியும் நேரத்தில், பாடுகிறான். கல்லூரி நாட்களில் இதைப் பார்த்தபோது அந்தப் பையன் எனக்கு ஓர் அலங்காரமாகத்தான் பட்டான். சோலூருக்கு வந்த பிறகுதான் அவன் அங்கே என்ன செய்கிறான் என்று புரிந்தது. மற்றவர்கள் ரயிலேறிப் போன பிறகும் அவன் அங்கே இருப்பான்.

வருஷத் தொடக்கத்தில் ஊட்டியில் பார்த்தது 'மஞ்ஞுமல் பாய்ஸ்'. 2006இல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த மீட்பு. சிதம்பரத்தின் இப்படத்தில் மலை முதன்முறையாக ஸ்தூலமாக இருக்கிறது. கல் வழுக்குகிறது, துவாரம் மூச்சு விடுகிறது, கயிறு தோலை அறுக்கிறது. குகையின் உட்புறம் பெரும்பாலும் அஜயன் சாலிசேரி எழுப்பிய செட் என்று பிறகு தெரிந்துகொண்டபோதும் அந்த நம்பிக்கை குலையவில்லை. 'குணா' (1991) பாட்டு வந்த இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது. நானும்தான். ஜெயமோகன் இப்படத்தின் குடிக்கொண்டாட்டத்தைக் கண்டித்து எழுதியதும், அதற்கு எழுந்த எதிர்ப்பும் பலருக்கு நினைவிருக்கும். காட்டைப் பற்றிய அக்கறை அவர் கோபத்தில் இருந்தது. அண்ணாவிடம் படம் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் எடுத்திருக்காங்க சார். அந்தப் பாட்டிலையெல்லாம் அப்புறம் யாரு பொறுக்கினாங்க?" என்றார். அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. அவருடைய தம்பி மனைவி சீசனில் செய்கிற வேலை அது. அவ்வருஷம் மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் வருவோர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஏற்பட்டது. வருகிறவர்களை எண்ண ஒரு கணக்கு வந்துவிட்டது. பொறுக்குகிறவர்களை எண்ண எந்தக் கணக்கும் எங்கள் பேரேட்டில் இல்லை.

ஆகஸ்ட் 23 அன்று 'கொட்டுக்காளி'யும் 'வாழை'யும் ஒரே நாளில் வெளியாயின. மறுநாள் நான்காம் சனி. கோவையில் காலைக் காட்சியும் மாலைக் காட்சியுமாக இரண்டையும் பார்த்தேன். பி.எஸ். வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' ராட்டர்டாமில் 2021இல் டைகர் விருது வாங்கியும் நம் தியேட்டர்களை எட்டவில்லை. 'கொட்டுக்காளி' எட்டியது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக, ஒரு குடும்பமே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது. பின்னணி இசை கிடையாது. வழியில் காளை மறித்து நிற்கிறது. ஆண்கள் அத்தனை பேரும் பயந்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். மீனா கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. அவளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கடைசியில் சாமியாடியிடம் இன்னொரு பெண் படுகிற பாட்டைப் பாண்டி பார்க்கிறான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. "அவ்வளவுதானா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

எனக்கு அந்த மௌனம் அறிமுகமான மௌனம். நகைக் கடன் கவுண்டரில் தினமும் கேட்பது. நகை பெண்ணுடையது, கணக்கு அவள் பெயரில், கையெழுத்தும் அவளே போட வேண்டும். பேசுகிறவர் மட்டும் பக்கத்தில் நிற்கும் ஆண். நானும் அவரைப் பார்த்துத்தான் இத்தனை வருஷங்களாகப் பேசி வந்திருக்கிறேன். படம் பார்த்த பிறகு அடுத்த வேலை நாளில் வந்த முதல் கடனுக்கு, வட்டி விவரத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் பதில் சொன்னார். ஒரு படம் பார்த்துவிட்டால் இதெல்லாம் மாறிவிடாது. ஆனால் அதற்கு முன் எனக்கு இது ஒரு காட்சியாகவே தெரிந்ததில்லை.

மாரி செல்வராஜின் 'வாழை'யில் குறைகள் உண்டு. டீச்சர் மீதான சிறுவனின் மயக்கத்தைத் தேவைக்கு மேல் நீட்டுகிறார். துயரம் தானே வரும் இடத்தில் இசையை முன்னே அனுப்புகிறார். ஆனால் கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டதற்குப் பதிலாக ஆட்களையும் வாழைத்தார்களோடு ஒரே லாரியில் ஏற்றுகிறார்களே, அந்தக் கணக்கை அவர் தவறவிடவில்லை. ஒரு ரூபாய்க்கும் உயிருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அவருக்குத் தெரியும், அது அவருடைய பால்யம். இங்கே கேரட் அறுவடைக்கு விடிகாலையில் பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறவர்களை, தலைக்குந்தா வளைவில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். உறைபனிக் காலத்தில் அந்தக் காட்சி அழகாகக்கூட இருக்கும். அழகாக இருந்தது என்பதுதான் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் 28 நான்காம் சனி. முந்தின நாள் வெளியான 'மெய்யழகன்' ஊட்டியில் மதியக் காட்சி. சொந்த வீட்டை இழந்து தஞ்சையை விட்டுப் போனவன், பல வருஷங்கள் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். அன்பைக் கொட்டும் உறவுக்காரன் ஒருவன் வீட்டில் ஓர் இரவு தங்குகிறான். அவன் பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை, கேட்கவும் வெட்கம். பிரேம்குமார் ஓர் ஊரை அதன் பேச்சாலேயே எழுப்பிவிடுகிறார். படம் மூன்று மணி நேரத்துக்கு மூன்று நிமிஷம்தான் குறைவு. எனக்கோ கடைசி பஸ். நாயகன் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போகும் இடத்தில் நானும் எழுந்தேன். நீளம் என்று பலரும் குறைப்பட, சில நாட்களில் அவர்கள் 18 நிமிஷங்களை வெட்டினார்கள். நான் வெட்டியது அதைவிட அதிகம். பிறகு வீட்டில் செல்போனில் பார்த்தபோதுதான், அந்த உறவுக்காரனின் பெயர் முடிவில்தான் சொல்லப்படுகிறது என்று தெரிந்தது. படத்தின் பெயரே அதுதான். பெயர் தெரியாமலே ஓடி வந்தவர்கள் இருவர்: நாயகனும் நானும். பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் ஊர்க்காரர் இருந்தார். ஐந்து வருஷமாக அவருக்குப் பாஸ்புக் பதிந்து கொடுக்கிறேன். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஞாபகம் இருந்தன. பெயர் வரவில்லை.

தீபாவளிக்கு வந்தது 'அமரன்'. சாய் பல்லவி கோத்தகிரிப் பெண், படகர். இந்தப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அண்ணா தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். நடிப்பில் அப்பெண்ணைக் குறை சொல்ல இடமில்லை. படத்தைத் தாங்குவதே அவள்தான். ஆனால் படத்தின் காஷ்மீர் எனக்கு ஒப்பவில்லை. அதுவும் ஒரு மலைதான். அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள். குறி வைக்கிற தூரத்தில் மட்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடும் வேலையும் இருக்கும் என்று படத்துக்குத் தோன்றவே இல்லை. முன்பு மலைவாசி பாட்டுக்குப் பின்னால் மறைந்தான், இப்போது துப்பாக்கிக்கு முன்னால் மறைகிறான்.

இடைவேளையில் அந்த அம்மாளிடம், "உங்க பொண்ணு நடிச்சிருக்கு, எப்படிம்மா?" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு அண்ணாவிடம் படகத்தில் ஏதோ சொன்னார். அவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "பொண்ணு நம்ம பொண்ணுதான், பேச்சு நம்ம பேச்சு இல்லையேன்னு சொல்றாங்க சார்." கதைப்படி அவள் கேரளத்துப் பெண், அது யார் தவறும் அல்ல. 1979இல் படக மொழியில் முதல் படமாக 'கால தப்பித பயிலு' வந்தது. அந்த அம்மாள் அதைத் தியேட்டரில் பார்த்தவர். கதை என்ன என்று கேட்டேன். மறந்துவிட்டதாம். திரையிலிருந்து வீட்டுப் பேச்சு கேட்டதும், கூட வந்த பெண்கள் எல்லோரும் திரும்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறதாம்.

மணி அடித்தது, உள்ளே போனோம். இரண்டாம் பாதியில் என் கவனம் படத்தில் இல்லை. என் மேஜை அறையில் வருஷாவருஷம் நிரப்பி அனுப்பும் மாற்றல் விண்ணப்பம் இருக்கிறது. சமவெளிக்குப் போனால் நல்ல படங்கள் பார்க்கலாம் என்பதும் அதற்கு நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. ஐந்து வருஷத்தில் படகத்தில் எனக்குத் தெரிந்த சொற்களை எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன.