தலையில் விழுந்த பட்டம்

என் தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போனது கடன். இங்கிலாந்தில் டோனி பென்னுக்கு அவர் தகப்பனார் வைத்துவிட்டுப் போனது பட்டம். அந்தத் தகப்பனார் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது இந்தியா மந்திரியாக இருந்தவர். 1942-இல் ஸ்டான்ஸ்கேட் பிரபுவானார். மூத்த மகன் 1944-இல் விமானப் படையில் மாண்டுவிட, வாரிசுரிமை பென்னிடம் வந்தது. 1960-இல் தந்தை காலமானார். பட்டம் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் பிரபு காமன்ஸ் சபையில் உட்காரக் கூடாதே! மெம்பர் பதவி போயிற்று. 1961-இல் பிரிஸ்டல் ஜனங்கள் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் கோர்ட்டோ தோற்றவருக்கு ஸ்தானத்தைக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆசாமியும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசுதான். 1963 ஜூலை 31-இல் புதுச் சட்டம் வந்தது. அன்று மாலையே பட்டம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார் பென். ஆனால் அது அவர் ஆயுள் மட்டுக்கும்தான். என் கடனை நான் அடைத்தாயிற்று. என் பையனிடம் அது போகாது. 2014-இல் பென் கண்ணை மூடியதும் அவருடைய மூத்த மகன் ஸ்டான்ஸ்கேட் பிரபுவானார்.