வெள்ளம் என்றால் தண்ணீர்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர்களுக்கு மாநிலம் மாறிவிட்டது என்று சொல்ல குறுக்கே மலை எதுவும் நிற்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையைத் திறந்துவிட்டிருக்கிறது. அதே பனை, அதே தென்னை, அதே கரிசல் மண். மாறுவது பெயர்ப் பலகையின் எழுத்துதான். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி என்று நீளும் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கிராமங்களில் டீக்கடைப் பேச்சு தமிழ், அரசு அலுவலகக் கோப்பு மலையாளம். இரண்டுக்கும் நடுவே இருக்கிறது பள்ளிக்கூடம்.

1956 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் பிறந்தபோது, பழைய கொச்சி சமஸ்தானத்தின் சித்தூரும், திருவிதாங்கூரின் தேவிகுளமும் பீர்மேடும் தம் தமிழர்களோடு அந்தப் பக்கமே நின்றன. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. டெல்லியில் எழுதிய அந்தச் சில வரிகள் கடைசியில் வந்து சேரும் இடம், நான்கு வகுப்புகள் கொண்ட ஒரு எல்.பி. பள்ளியின் பெஞ்சு.

அந்தப் பெஞ்சில் உட்காரும் குழந்தையின் பையில் இருப்பவை திருவனந்தபுரத்தில் எஸ்.சி.இ.ஆர்.டி. தயாரிக்கும் தமிழ்ப் புத்தகங்கள். கணக்கும் சுற்றுச்சூழலும் தமிழில்தான். ஆனால் ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை என்று காலண்டர் முழுக்கக் கேரளத்துடையது. ஆவணியில் பள்ளி முற்றத்தில் பூக்களம் போடும் அதே பிள்ளைகள் தையில் வீட்டு வாசலில் பொங்கல் வைக்கிறார்கள். பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட எல்லை மாவட்டங்களுக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறையும் உண்டு.

வாரத்தின் கணக்கைச் சிறுவர்கள் சாப்பாட்டை வைத்துத்தான் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் மதியம் சோறு. வாரத்தில் இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டை. பொள்ளாச்சிப் பக்கம் படிக்கும் அத்தை மகனுக்கு ஐந்து நாளும் முட்டை என்பது இவர்களுக்குத் தெரியும். அங்கே பால் இல்லை என்பதும் தெரியும். மாநிலங்களுக்கிடையேயான ஒப்பீட்டு ஆய்வு பந்திப் பாயிலேயே முடிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளமானது. ஜும்மா தொழுகைக்காகக் கேரளப் பள்ளிகள் கடைப்பிடிக்கும் வழக்கம் அது. பிள்ளைகளுக்கு அது கூடுதல் விளையாட்டு நேரம்.

சிக்கல் எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் ஒரே ஒரு 'க' இருக்கிறது. மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்துகள், நான்கு ஒலிகள். அகத்தையும் அக்காவையும் ஒரே எழுத்தில் எழுதிப் பழகிய குழந்தைக்கு, காதில் விழும் வித்தியாசத்தையெல்லாம் தாளிலும் காட்டச் சொல்வது புதிய பாடம். வார்த்தைகளோ இன்னும் குறும்பு செய்கின்றன. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். பட்டி என்றால் நாய். அவசரம் என்றால் வாய்ப்பு. ஊர்ப் பெயர் பட்டியில் முடிகிற பையனை வகுப்பு ஏன் கேலி செய்கிறது என்று விளக்குவதற்குள் டீச்சருக்கு ஒரு பீரியடு போய்விடும். இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் அமைந்தால் அந்தக் கேலியே நல்ல பாடமாகிவிடும். அமையாவிட்டால் அது கேலியாகவே நின்றுவிடும். எல்லைப் பள்ளிக்குக் கட்டடத்தைவிட முக்கியத் தேவை இதுதான்.

இதே சித்தூரில்தான், மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. விஜயதசமியன்று அங்கே குழந்தைகளின் விரல் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே போனால் குழந்தைகள் எழுதுவது அ, ஆ. பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தஸ்ராக்கில் ஓராசிரியர் பள்ளி ஒன்றைக் கண்டுதான் ஓ.வி. விஜயன் 'கசாக்கின் இதிகாசம்' எழுதினார். 1969இல் புத்தகமாக வந்த அந்த நாவலின் நாயகன், அப்படியொரு பள்ளிக்கு வாத்தியாராக வருகிறவன்.

இடுக்கியில் கதை வேறு. சித்தூர்த் தமிழர் சொந்த நிலத்துக்காரர். மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நெல்லை, மதுரைச் சீமைகளிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் வாரிசுகள். அவர்கள் இருக்கும் லயம் கம்பெனியுடையது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்கள் படிப்புக்கு நிர்வாகம் வசதி செய்யவேண்டும் என்று விதிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாத்தா பாட்டி மலையிறங்கும்போது சில சமயம் பேரப்பிள்ளையின் டி.சி.யும் கூடவே இறங்குகிறது. காலியாகும் இடங்களில் இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளர்கள் வருகிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மாண்ட 70 பேரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருந்தார்கள். கொரோனாவுக்காகப் பள்ளிகள் பூட்டியிருந்த காலம் அது.

இன்னும் உள்ளே, 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலைக்குடியில் முதுவான் குழந்தைகளின் வீட்டுப் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. வகுப்பறை மலையாளம் அவர்களுக்கு அந்நியம்.

2017இல் கேரளம் கொண்டுவந்த சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. காசர்கோட்டுக் கன்னடர்கள் தெருவுக்கு வந்தார்கள். சித்தூர்ப் பெற்றோரின் கவலை அவ்வளவு நேரானதல்ல. மலையாளம் தெரியாமல் கேரளத்தில் அரசு வேலைக்குப் போவது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ் வழி எல்.பி. ஆசிரியர் பணிக்கு பி.எஸ்.சி. தனியாக ஆள் எடுக்கிறது. 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் இருக்கிறது. ஆனால் அது குறுகலான வாசல். ஆகவே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியைப் பார்க்கிறார்கள்.

தமிழ் வழிப் பள்ளிக்கு நிஜமான பரீட்சை மாணவர் எழுதுவதல்ல. ஜூன் மாதம் ஆறாவது வேலை நாளன்று தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பது முடிவாகிறது. ஒரு வகுப்புக்குச் சராசரியாக 15 பிள்ளைகள் இல்லாத பள்ளி 'லாபகரமற்றது' என்ற பட்டியலில் சேரும். அதனால்தான் கோடை விடுமுறையில், வெயில் தாழ்ந்த பிறகு, டீச்சர்கள் இரண்டிரண்டு பேராகக் கிராமத்து வீடுகளில் ஏறி இறங்குகிறார்கள், அடுத்த ஜூனில் பள்ளியில் சேரும் வயதை எட்டுகிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரித்தபடி.